தகார்கலம்: நிலத்தடி ஊற்றும் அதன் சொற்களும்

கிணறு தோண்ட முற்படுவோர் கண்ணுக்கு மண்ணினுள் இருக்கும் நீர் தெரிவதில்லை. மரமும் புற்றும் மண்ணின் நிறமுமே தெரிகின்றன. இப்புறக்குறிகளைக் கொண்டு ஊற்றின் இடத்தையும் ஆழத்தையும் உய்த்துணரும் முறை, கி.பி. 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் வடமொழியில் இயற்றிய பிருகத் சம்கிதையில் தனி இயலாகவே அமைந்துள்ளது. பதிப்பிற்கேற்ப 53 அல்லது 54ஆம் இயலாக எண்ணப்பெறும் இதன் பெயர் தகார்கலம். 'தகம்' என்பது நீர். 'அர்கலம்' என்பது தாழ்ப்பாள். நீரை அடைத்து நிற்கும் தாழா, அத்தாழை நீக்கும் நெறியா என்னும் ஐயத்தைப் பெயரே எழுப்பிவிடுகிறது. இம்முறை தாம் கண்டதன்று என்பதை வராகமிகிரர் மறைக்கவில்லை. சாரசுவத முனிவரின் நூலை ஆரியா யாப்பில் தந்து, பின்னர் மனுவின் பெயரால் வழங்கியதையும் கூறுகிறார்.

இவ்வியலின் அடிப்படைச் சொல் 'சிரா'. மனித உடலில் குருதி ஓடும் குழாய்களைப் போல நிலத்திலும் மேலும் கீழுமாக நீரோடும் வழிகள் உள்ளன என்பது நூலின் கொள்கை. இதனை 'நரம்பு' என்று பெயர்த்தல் பழந்தமிழ் வழக்கிற்குப் பொருந்தும். இன்றைய வாசகர்க்கோ அது உணர்ச்சி நரம்பையே நினைவூட்டும். 'நாளம்' ஓரளவு ஏற்புடையது. தமிழர் அதனை உடலின் வேறோர் உறுப்பாகக் கண்டு 'ஊற்றுக்கண்' என்றனர். ஆயினும் கண் நீர் வெளிப்படும் இடத்தைக் குறிக்கும். சிராவோ அது வரும் வழி. மணற்பாங்கான நிலத்தில் நீர் துகள்களின் இடைவெளியெங்கும் பரவிநிற்பதால் நாளம் என்னும் உவமை அங்குச் செல்லாது. கடும்பாறை நிலத்தில் வெடிப்புகளின் வழியே நீர் செல்வதால் அங்கு அது பெரிதும் பொருந்துகிறது. பாலைநிலத்து நாளங்கள் ஒட்டகக் கழுத்தைப் போல் நிலத்தினுள் செல்லும் என்னும் உவமை, அந்நிலத்தை அறிந்தோர் வாய்மொழியாகவே தோன்றுகிறது.

பெயர்ப்பில் நேரும் பிழை இங்குச் சொல்லளவில் நின்றுவிடுவதன்று. நீரற்ற நிலத்தில் வேதசம் நின்றால், அதற்கு மேற்கே மூன்று முழத்தில், ஒன்றரைப் 'புருடன்' ஆழத்தில் நீர் உண்டு என்கிறது ஒரு விதி. இடையில் வெளிறிய தவளை, மஞ்சள் மண், அடுக்கடுக்காகப் பிளக்கும் கல் ஆகியன அடையாளங்கள். 'புருடன்' என்பதை ஆளுயரம் என்றே கொள்வோர் ஏறத்தாழ 8 அடியில் தோண்டுவதை நிறுத்திவிடுவர். அது கையுயர்த்திய ஆளின் அளவு, 120 அங்குலம் எனக் கொள்வது உரைமரபு. அங்குலம் என்பது இங்கு விரற்கிடை. 24 அங்குலம் ஒரு முழம். முழத்தை ஒன்றரை அடியாகக் கொண்டால் ஆழம் 11 அடியைக் கடக்கும். இடையிலுள்ள மூன்றடியில்தான் அக்கல்லும் நீரும் இருத்தல் கூடும்.

மரப்பெயரின் சிக்கல் இதனினும் பெரிது. வேதசத்தைப் பிரம்பு என்பாரும் ஆற்றுப்பாலை என்பாரும் உளர். முன்னது கொடி, பின்னது மரம். அகராதியிலிருந்து ஒன்றைத் தெரிந்தெடுத்தால் மட்டும் போதாது. அவந்தி நாட்டு வறண்ட நிலத்தில் எது வளரக்கூடும் என்பதையும் ஆராய்தல் வேண்டும். நாவல் மரம் இத்தகைய ஐயத்தைத் தருவதில்லை. அதன் கிழக்கே அருகில் புற்றிருப்பின், புற்றின் தென்புறத்தில் இரண்டு புருடன் ஆழத்தில் இனிய நீர் கிடைக்கும் என்கிறது நூல். கறையான் தன் புற்றின் ஈரம் காக்கக் கீழிருந்து நனைமண்ணைக் கொணர்வதால், புற்றைக் குறியாகக் கொண்டது வெறும் நம்பிக்கையன்று. தென்புறமே என்பதற்குத்தான் நூல் காரணம் கூறவில்லை.