கருநிலை மதுப் பாதிப்பு: ஆய்வு வரலாறு

கருவுற்ற பெண் அருந்தும் மது நஞ்சுக்கொடியைக் கடந்து கருவின் இரத்தத்தில் கலப்பதாலும், அதைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் கருவின் கல்லீரலுக்கு இன்னும் போதிய அளவு வராததாலும் உண்டாகும் வாழ்நாள் முழுவதற்குமான குறைபாடுகள் கருநிலை மதுப் பாதிப்பு எனப்படும். இவற்றுள் முக அமைப்பு, உடல் வளர்ச்சி, மூளை ஆகிய மூன்றிலும் அடையாளம் பதியும் கடுமையான வகை கருநிலை மது நோய்த்தொகுதி ஆகும்; சேர்ந்து தோன்றும் அறிகுறிகளின் கூட்டத்தையே மருத்துவம் நோய்த்தொகுதி என்கிறது. இதற்குப் பெயர் சூட்டப்பட்டது 1973இல்தான் என்றாலும், இதைக் கண்டவர்கள் அதற்கு இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன்பே இருந்தார்கள். அவர்கள் சொன்னது ஏன் நிலைபெறவில்லை என்பதே இத்துறை வரலாற்றின் முதன்மையான கேள்வி.

பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலண்டனில் ஜின் என்னும் மலிவான வடிமது ஏழைகளின் தெருக்களில் பெருகியபோது, அந்நகரின் மருத்துவர் கழகம் 1726இல் நாடாளுமன்றத்துக்கு அளித்த மனுவில், இக்குடியால் நலிந்த, நோயுற்ற குழந்தைகள் பிறக்கின்றன என்று எச்சரித்தது. குடிப்பழக்கத்தை ஆராய 1834இல் அமைந்த நாடாளுமன்றக் குழுவின் முன்னும் இதே குறிப்பு வைக்கப்பட்டது. இவை கண்ணால் கண்டவற்றின் பதிவுகளே. ஒப்பிட்டு எண்ணிப் பார்க்கும் ஆய்வு பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் வேளையில் வந்தது.

லிவர்பூல் சிறையில் மருத்துவராக இருந்த வில்லியம் சல்லிவன், குடிக்கு அடிமையான 120 பெண்களின் மகப்பேற்று வரலாற்றைத் திரட்டி 1899இல் வெளியிட்டார். அவர்கள் பெற்ற 600 குழந்தைகளில் 55.8 விழுக்காட்டினர் இறந்தே பிறந்தனர் அல்லது இரண்டு வயதுக்குள் இறந்தனர். அப்பெண்களின் குடிப்பழக்கம் இல்லாத உறவினரிடையே இவ்விழுக்காடு 23.9 மட்டுமே. உறவினரையே ஒப்பீட்டுக்கு எடுத்ததால், குடும்பப் பரம்பரைதான் காரணம் என்று எளிதில் சொல்லிவிட முடியாத நிலையை அவர் உருவாக்கினார். அதைவிடக் கூர்மையானது அவருடைய மற்றொரு கவனிப்பு: அடுத்தடுத்து நலிந்த குழந்தைகளைப் பெற்ற பெண், சிறைவாசத்தால் கருக்காலத்தில் குடிக்க முடியாமல் போனபோது நலமான குழந்தையைப் பெற்றாள். தாயின் இயல்போ பிறப்போ மாறவில்லை, மது மட்டுமே விலகியிருந்தது. பிற்கால ஆய்வாளர்கள் எட்டிய முடிவின் சாரம் முழுவதும் இந்த ஒரு குறிப்பில் அடங்கியிருக்கிறது.

ஆயினும் அக்காலச் சிந்தனை பரம்பரைக் கோட்பாட்டின் பிடியில் இருந்தது. இலண்டனில் எதெல் எல்டர்டனும் கார்ல் பியர்சனும் 1910இல் வெளியிட்ட புள்ளியியல் ஆய்வு, பெற்றோரின் குடிக்கும் பிள்ளைகளின் உடல், அறிவு நிலைக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு இல்லை என்றது. ஐக்கிய அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை நடப்பில் இருந்த மதுவிலக்கு கைவிடப்பட்டபின், மதுவின் தீமை பற்றிய பழைய எச்சரிக்கைகள் அனைத்தும் மதுவிலக்குப் பரப்புரையின் மிச்சங்களாகக் கருதப்பட்டன. ஒழுக்க உபதேசத்தை அறிவியலிலிருந்து விலக்க விரும்பியது நியாயமே. ஆனால் அதனோடு சேர்த்து மருத்துவர்கள் கண்டு எழுதிய உண்மையும் தூக்கி எறியப்பட்டது. மது ஆய்வாளர்களான ஹாகார்டும் ஜெல்லினெக்கும் 1942இல் எழுதிய நூல், மது கருவுக்குக் கேடு செய்கிறது என்பதற்கு ஏற்கத்தக்க சான்று இல்லை என்று தீர்ப்பளித்தது. 1960களில் நியூயார்க் மருத்துவர் ஃபிரிட்ஸ் ஃபுக்ஸ் வழிகாட்ட, குறைமாதப் பிரசவத்தைத் தடுப்பதற்காகக் கருவுற்ற பெண்களின் சிரை வழியாக மதுவைச் செலுத்தும் முறையே மருத்துவமனைகளில் பரவியது.

இதற்கிடையில் தாலிடோமைடு என்னும் மருந்தை உட்கொண்ட தாய்மாருக்குக் கைகால் ஊனமுற்ற குழந்தைகள் பிறந்தது 1961இல் வெளிப்பட்டு, நஞ்சுக்கொடி கருவைக் காக்கும் அரண் என்ற நம்பிக்கையைத் தகர்த்தது. பிரான்சின் நான்ட் நகரில் குழந்தை மருத்துவர் போல் லெமுவானும் உடன் பணியாற்றியவர்களும், குடிக்கு அடிமையான பெற்றோரின் 127 குழந்தைகளிடம் ஒரே வகையான முகச்சாயலும் வளர்ச்சிக் குறைவும் மனக்குறைபாடும் இருப்பதை 1968இல் விவரித்தனர். பிரெஞ்சு மொழியில், ஒரு வட்டார மருத்துவ இதழில் வந்த அக்கட்டுரைக்கு அவருடைய நாட்டிலேயே போதிய செவிசாய்ப்பு கிடைக்கவில்லை. ஆயினும் இந்நோய்த்தொகுதியை விவரித்த முன்னோடிகளுள் லெமுவானுக்கு முக்கிய இடம் உண்டு.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் இளம் மருத்துவர் கிறிஸ்டி உல்லலண்ட், எடை ஏறாமல் நலியும் கைக்குழந்தைகள் பலருக்குத் தாய்மார் குடிக்கு அடிமையாக இருந்ததைக் கவனித்தார். பிறவி அமைப்புக் குறைகளை ஆராய்ந்துவந்த டேவிட் ஸ்மித்தும் கென்னத் ஜோன்ஸும் இவ்வாறு வந்த குழந்தைகளை ஒருங்கே பரிசோதித்தபோது, குடும்பத்தாலும் இனத்தாலும் வேறுபட்டவர்கள் உடன்பிறந்தார் போல முகம் ஒத்திருக்கக் கண்டனர்: குறுகிய கண்பிளவு, மூக்குக்கும் மேலுதட்டுக்கும் இடையே பள்ளம் மழுங்கிய தோல், மெல்லிய மேலுதடு. மூன்று இனத்தைச் சேர்ந்த எட்டுக் குழந்தைகளைப் பற்றிய கட்டுரை 1973 ஜூனில் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. நோய்த்தொகுதிக்குப் பெயரிட்ட கட்டுரை அதே ஆண்டு நவம்பரில் வந்தது. லெமுவானின் கட்டுரையை அறியாமலேயே அவர்கள் இந்த முடிவுக்கு வந்தார்கள் என்பது கண்டுபிடிப்பின் வலிமைக்குச் சான்றாகிறது.

வறுமை, சத்துக்குறைவு, புகைபிடித்தல் ஆகியவையே உண்மைக் காரணம் என்று சிலர் மறுத்தனர். இந்த ஐயத்தை விலங்கு ஆய்வுகள் தீர்த்தன. வட கரோலைனாவில் காத்லீன் சூலிக் குழுவினர், கருவுற்ற சுண்டெலிக்கு ஏழாம் நாளில் மது செலுத்தினால் குட்டியின் முகத்தில் அதே மாற்றங்கள் தோன்றுவதை 1981இல் காட்டினர். அந்த நாள் மனிதக் கருவின் மூன்றாம் வாரத்துக்கு ஒப்பானது. பல பெண்கள் தாம் கருவுற்றதையே அறியாத காலம் அது. முகம் உருவாகும் காலம் குறுகியது, மூளையோ கருக்காலம் முழுவதும் வளர்கிறது. ஆகவே முகத்தில் எந்த அடையாளமும் இல்லாமல் மூளை மட்டும் பாதிக்கப்பட்ட குழந்தைகளே எண்ணிக்கையில் மிகுதி.

அக்குழந்தைகளைத் தேடிக் கண்டவர் சியாட்டிலின் உளவியலாளர் ஆன் ஸ்டிரைஸ்கத். 1974இல் அவர் தொடங்கிய நெடுங்கால ஆய்வு, சமூகத்தில் வழக்கமாகக் குடிக்கும் தாய்மாரின் பிள்ளைகளிடமும் கவனம், நினைவு, கணக்குத் திறன் ஆகியவற்றில் குறை நீடிப்பதைக் காட்டியது. இவ்வகையில் பாதிக்கப்பட்ட 415 பேரை ஆராய்ந்து 1996இல் அவர் வெளியிட்ட அறிக்கை, பள்ளியிலிருந்து விலகல், சட்டச் சிக்கல், மனநோய் முதலியவை இவர்களிடம் மிகுந்திருப்பதையும், ஆறு வயதுக்குள் நோய் கண்டறியப்பட்டு நிலையான இல்லத்தில் வளர்ந்தவர்களிடம் அவை குறைந்திருப்பதையும் நிறுவியது. குறைபாடுகளின் முழு நிரலையும் கருநிலை மதுப் பாதிப்பு என்ற ஒரே பெயரால் குறிக்கும் வழக்கம் 2004 முதல் உறுதிப்பட்டது.

கருவுற்ற பெண்கள் மது அருந்தவேண்டாம் என்று அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் 1981இல் அறிவுறுத்தினார். மதுப் புட்டிகளில் எச்சரிக்கை வாசகம் 1989 நவம்பரிலிருந்து கட்டாயமாயிற்று. பாதுகாப்பானது என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இதுவரை கண்டறியப்படவில்லை. தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப் மாகாணத்தில், திராட்சைத் தோட்டக் கூலியின் ஒரு பகுதியை மதுவாகவே கொடுத்த பழைய முறையின் விளைவாக, ஓர் ஊரின் முதல் வகுப்புக் குழந்தைகளில் ஆயிரத்துக்கு 40க்கும் மேற்பட்டோருக்கு இந்நோய்த்தொகுதி இருந்ததை 2000இல் வெளியான ஆய்வு காட்டியது. இது தொல்குடியினரின், ஏழைகளின் நோய் என்ற எண்ணம் வட அமெரிக்காவில் நெடுநாள் நிலவியது. கனடாவின் ஸ்வெட்லானா பொப்போவா குழுவினர் 2017இல் வெளியிட்ட கணிப்போ, கருக்காலத்தில் மது அருந்துவோர் உலக அளவில் 9.8 விழுக்காடு எனவும், ஐரோப்பிய வட்டாரத்திலேயே மிக அதிகமாக 25.2 விழுக்காடு எனவும் கூறி, அவ்வெண்ணத்தைப் பொய்யாக்கியது.

தாயைக் குற்றவாளியாக்கும் போக்கு இந்த அறிவைத் தொடர்ந்து நிழலாகப் பின்தொடர்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் 1998இல் கருவுற்ற பெண்ணைக் கட்டாயக் காவலில் வைக்க இடந்தரும் சட்டம் இயற்றியது. தண்டனைக்கு அஞ்சும் பெண் மருத்துவரிடம் உண்மையைச் சொல்லமாட்டாள் என்பதால் இத்தகைய சட்டங்கள் கருவையும் காப்பதில்லை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1991இல் தொடங்கிய தாய்சேய் உதவித் திட்டம் மாற்று வழியைக் காட்டியது. அதன் பணியாளர்கள் குடிக்கு அடிமையான ஒவ்வொரு தாயுடனும் மூன்று ஆண்டுகள் உடனிருந்து, சிகிச்சைக்கும் உறைவிடத்துக்கும் வழி செய்கின்றனர்.