மலையேறிய பிலிமும் நம் வீட்டு நெகட்டிவும்



வகுப்பில் பழைய நெகட்டிவ் துண்டொன்றைக் காட்டினோம். "சேர், ரெண்டு ஓரத்திலயும் ஏன் இத்தனை ஓட்டை?" என்று பிள்ளைகள் கேட்டார்கள்.

அந்த ஓட்டைகள் சினிமாவுக்காக வந்தவை. பற்சக்கரம் பிலிமை இழுக்க அவை வேண்டும். 35 மில்லிமீட்டர் அகலமான அந்தப் பிலிம் 1890களில் அமெரிக்காவில் எடிசனின் ஆய்வுகூடத்தில் பிறந்தது. அந்நாளில் போட்டோ எடுப்பவர்கள் பெரிய கமராவையும் கண்ணாடித் தகடுகளையும் சுமந்து திரிந்தார்கள்.

ஜெர்மனியில் லைட்ஸ் நிறுவனத்தில் வேலை செய்த ஒஸ்கார் பர்னாக்குக்கு ஆஸ்துமா. சுமை தூக்கி நடப்பது கஷ்டம். 1914 அளவில் அவர் சினிமாப் பிலிமையே போடக்கூடிய சிறிய கமராவைச் செய்தார். சினிமாவில் ஒரு படம் 18க்கு 24 மி.மீ. பர்னாக் அதை இரட்டிப்பாக்கி 24க்கு 36 ஆக்கினார். 1925இல் அது லைக்கா என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. ஆரம்பத்தில் பிலிமை இருட்டில் வெட்டிச் சுற்றிப் போடவேண்டும். 1934இல்தான் கொடாக் நிறுவனம் தயாராகச் சுற்றிய ரோலை விற்றது.

அதே 1934இல் பசில் ரைட் இயக்கிய 'சோங் ஒஃப் சிலோன்' வெளிவந்தது. பணம் கொடுத்தது தேயிலைப் பிரசார சபை. அதன் முதற் பகுதியில் யாத்திரிகர்கள் நம் தலைக்கு மேல் நிற்கும் மலையில்தான் ஏறுகிறார்கள். சிவனொளிபாதமலை, ஸ்ரீபாத, பாவா ஆதம் மலை என்று நாமெல்லாம் அழைக்கும் அதே மலை. விளக்கவுரை பேசியவர் லயனல் வென்ட், இலங்கையின் பெரும் புகைப்படக் கலைஞர். அவர் கையிலும் லைக்கா இருந்தது. சினிமாவுக்கும் போட்டோவுக்கும் ஒரே அகலப் பிலிம்.

அந்தப் படத்தில் கொழுந்து பறிப்பவர்களும் வருகிறார்கள். ஆனால் ஒருவருக்கும் பெயர் இல்லை.

நம் வீட்டு நெகட்டிவ்களில் இருப்பவர்களுக்குப் பெயர் உண்டு. அதைச் சொல்ல இன்னும் பெரியவர்கள் இருக்கிறார்கள். வீடு மாறியபோது ஒரு பிஸ்கட் டின் நிறைய நெகட்டிவை "இனி எதுக்கு" என்று நாமே குப்பையில் போட்டோம். வாப்பாவின் இளவயதுப் படங்கள் அதில் போயின. சுவரில் இருந்த போட்டோவும் ஈரத்தில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. நெகட்டிவ் இருந்திருந்தால் மறுபடி பிரின்ட் போட்டிருக்கலாம்.

தயவுசெய்து எறியாதீர்கள். ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள். காகித உறையில் போட்டு, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். உறையின் மேல் பெயரும் வருடமும் எழுதுங்கள். இன்று பின்னேரமே வீட்டுப் பெரியவரிடம் கேட்டு எழுதுங்கள்.