பண்பலை டியூனர்: வீட்டு ஸ்டீரியோவுக்கு வானொலி வந்த வரலாறு

பண்பலை டியூனர் என்பது வானில் வரும் பல வானொலி அலைகளுள் வேண்டிய நிலையத்தை மட்டும் தேர்ந்து, அதன் ஒலிச் சமிக்ஞையைப் பெருக்கிக்கு அனுப்பும் கருவியாகும். இதற்குள் பெருக்கியும் இல்லை, ஸ்பீக்கரும் இல்லை. இசைத்தட்டுக் கருவியைப் போலவே இதையும் ஸ்டீரியோ அமைப்பின் பெருக்கியோடு கம்பியால் இணைக்க வேண்டும். இக்கருவியின் வரலாற்றை அமெரிக்காவில் 1945இலும் 1961இலும் எடுக்கப்பட்ட இரு முடிவுகள் தீர்மானித்தன. முதல் முடிவு மக்கள் விலை கொடுத்து வாங்கிய பெட்டிகளைப் பயனற்றவை ஆக்கியது. இரண்டாவது முடிவு பழைய பெட்டிகளைக் காப்பாற்றியது.

ஆம்ஸ்ட்ராங்கின் பண்பலை

மத்திய அலை ஒலிபரப்பில் ஒலிக்கேற்ப ஊர்தி அலையின் வீச்சு மாறுகிறது. மின்னலும் மின்மோட்டார்களும் அதே வீச்சைப் பாதிப்பதால் இரைச்சல் கேட்கிறது. நியூயார்க்கில் 1890இல் பிறந்த எட்வின் ஹோவர்ட் ஆம்ஸ்ட்ராங், வீச்சை மாற்றாமல் அதிர்வெண்ணை மாற்றும் முறையை வகுத்தார். அலைவரிசையைக் குறுக்கினால்தான் இரைச்சல் குறையும் என்று பொறியாளர்கள் பலர் நம்பிய காலத்தில், அவர் அதை அகலமாக்கினார். 1933 டிசம்பர் 26 அன்று காப்புரிமைகள் பெற்று, 1935 நவம்பரில் வானொலிப் பொறியாளர்கள் முன்னிலையில் அதைச் செய்து காட்டினார்.

1941 ஜனவரி 1 முதல் 42–50 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் வணிகப் பண்பலை ஒலிபரப்பு அனுமதிக்கப்பட்டது. ஆனால் 1945இல் அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம், வளிமண்டல மேலடுக்குகளால் குறுக்கீடு வரும் என்ற காரணத்தைக் கூறி, பண்பலையை 88 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பட்டைக்கு மாற்றியது. ஆம்ஸ்ட்ராங் இதை எதிர்த்தும் பயனில்லை. வீடுகளில் இருந்த சில லட்சம் பெட்டிகளும் நிலையங்களின் ஒலிபரப்புக் கருவிகளும் பழங்கருவிகளாயின.

அதன்பின் காப்புரிமைத் தொகைக்காக ஆர்.சி.ஏ. நிறுவனத்துடன் நடத்திய நெடிய வழக்கில் அவருடைய செல்வமும் உடல்நலமும் கரைந்தன. 1954 ஜனவரி இறுதியில் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் மனைவி மரியன் வழக்குகளைத் தொடர்ந்து நடத்தி வென்றார். அவற்றில் கடைசி வழக்கு, மோட்டரோலா நிறுவனத்துக்கு எதிரானது, 1967இல்தான் முடிந்தது.

1961ஆம் ஆண்டின் ஸ்டீரியோ தரம்

1950களில் சில நிலையங்கள் ஒரு பக்க ஒலியைப் பண்பலையிலும் மறுபக்க ஒலியை மத்திய அலையிலும் அனுப்பின. இரண்டையும் கேட்க இரு வானொலிகளோ, இரண்டு திருகுகள் கொண்ட டியூனரோ தேவைப்பட்டன. ஒரே பெட்டி வைத்திருந்தவருக்குப் பாதி இசைதான் கிடைத்தது.

1961 ஏப்ரலில் ஆணையம், ஜெனித், ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனங்களின் முறையை அடிப்படையாகக் கொண்ட தரத்தை ஏற்றது. ஜூன் 1 அன்று ஸ்டீரியோ ஒலிபரப்பு தொடங்கியது. அதன் உத்தி பள்ளிக் கணக்கைப் போல எளியது. இடது ஒலியை 'இ' என்றும் வலது ஒலியை 'வ' என்றும் கொள்வோம். நிலையம் இவற்றைத் தனித்தனியே அனுப்புவதில்லை. கூட்டல் (இ+வ), கழித்தல் (இ–வ) ஆகிய இரண்டையே அனுப்புகிறது. டியூனர் இவ்விரண்டையும் கூட்டினால் 2இ கிடைக்கும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் 2வ கிடைக்கும்.

கூட்டல் ஒலி வழக்கமான இடத்தில் செல்வதால் பழைய மோனோ பெட்டி அதை மட்டும் எடுத்துக்கொள்ளும்; இசையில் எந்தப் பகுதியும் விடுபடாது. கழித்தல் ஒலி காதுக்கு எட்டாத 38 கிலோஹெர்ட்ஸைச் சுற்றி ஏற்றப்படுகிறது. உடன் வரும் 19 கிலோஹெர்ட்ஸ் வழிகாட்டி அலையை டியூனர் இரட்டித்து, அந்த 38ஐப் பெறுகிறது. டியூனரின் முகப்பில் எரியும் ஸ்டீரியோ விளக்கு, இந்த வழிகாட்டி அலை வந்துவிட்டதன் அடையாளம்.

தேர்வும் பயன்பாடும்

பழைய பெட்டிகளைக் காத்ததற்கு ஒரு விலை உண்டு. கழித்தல் ஒலி செல்லும் உயர் அதிர்வெண் பகுதியில் இரைச்சல் அதிகம். எனவே மோனோவில் தெளிவாகக் கேட்கும் தொலைதூர நிலையம், ஸ்டீரியோவில் 'உஸ்' என்று இரைகிறது. டியூனரில் மோனோ பொத்தான் இருப்பது இதற்காகவே.

டியூனரைத் தேர்வு செய்வோர் அது மெல்லிய அலையைப் பிடிக்கும் திறனையும், அடுத்தடுத்த நிலையங்களைப் பிரிக்கும் திறனையும் பார்க்க வேண்டும். நிலையங்கள் நெருங்கிய பெருநகரில் இரண்டாவது திறனே முக்கியம். கட்டடங்களில் பட்டுத் திரும்பும் அலைகளும் ஒலியைக் கெடுக்கும். 1964இல் வந்த மராண்ட்ஸ் 10பி டியூனரில் இதைக் கண்ணால் காண ஒரு சிறிய அலைநோக்கித் திரையே இருந்தது.

விலையுயர்ந்த டியூனரைவிட நல்ல ஆன்டெனா அதிகப் பயன் தருவதுண்டு. 'T' வடிவக் கம்பி ஆன்டெனாவின் குறுக்குப் பகுதி ஏறத்தாழ 1.5 மீட்டர் இருப்பது பண்பலையின் பாதி அலைநீளத்துக்குப் பொருந்தும். அதை நிலையத்தின் திசைக்குக் குறுக்காக விரித்து வைக்க வேண்டும்.

வெளிநாட்டு டியூனரை வாங்குவோர் மேலும் இரண்டைக் கவனிக்க வேண்டும். ஒலிபரப்பில் உயர்த்தி அனுப்பப்படும் கீச்சொலியை டியூனர் மீண்டும் தாழ்த்துகிறது. அமெரிக்காவில் இதன் அளவு 75 மைக்ரோவினாடி. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் 50. ஆகவே அமெரிக்க டியூனர் இங்கே சற்று மங்கலாக ஒலிக்கும். மேலும், 88.1, 88.3 என ஒற்றைப்படைத் தசமங்களில் மட்டும் நகரும் சில அமெரிக்க எண்முறை டியூனர்களால் சென்னையின் 101.4 மெகாஹெர்ட்ஸில் சரியாக நிற்க முடியாது.

பிற்காலம்

இந்தியாவின் முதல் பண்பலை ஒலிபரப்பை அகில இந்திய வானொலி 1977 ஜூலை 23 அன்று சென்னையில் தொடங்கியது. 2017இல் நார்வே தன் தேசிய வானொலி நிலையங்களைப் பண்பலையிலிருந்து எண்முறை ஒலிபரப்புக்கு மாற்றியது. 1945இல் அமெரிக்க வீடுகளில் நேர்ந்ததைப் போல, அங்கும் நல்ல நிலையில் இருந்த டியூனர்கள் அந்த நிலையங்களைப் பிடிக்க முடியாதவை ஆயின. 1961ஆம் ஆண்டின் தரம் நடப்பில் உள்ள நாடுகளில், அந்தக் காலத்து டியூனர் பழுதின்றி இருந்தால் இன்றும் பாடும்.