தபால்தலைக்கு முந்தைய அமெரிக்கக் கடிதங்கள்

அமெரிக்க அரசு தன் முதல் தபால்தலைகளை வெளியிட்டது 1847 ஜூலை 1-ம் தேதி. ஐந்து சென்ட் தலையில் பெஞ்சமின் பிராங்க்ளின், பத்து சென்ட் தலையில் ஜார்ஜ் வாஷிங்டன். ஆனால் அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அந்த மண்ணில் கடிதங்கள் போய் வந்துகொண்டுதான் இருந்தன. பெரும்பாலும் உறை கிடையாது. ஒரு தாளில் எழுதி, எழுத்து உள்ளே மறையும்படி மடித்து, அரக்கு வைத்து ஒட்டி, வெளிப்பக்கம் முகவரி எழுதினால் அதுதான் கடிதம்.

இந்த மடிப்புக் கடிதங்களைத் தேடித் தேடிச் சேகரிப்பவர்கள் அமெரிக்காவில் நிறைய உண்டு. தபால்தலை சேகரிப்பது எல்லோருக்கும் தெரிந்த பொழுதுபோக்கு. தலையே இல்லாத கடிதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்கலாம். அந்தக் கடிதங்களின் மூலையில் மையில் கிறுக்கியிருக்கும் எண்களைப் படிக்கத் தெரிந்தால் ஒரு நாட்டின் வரவு செலவே அதில் தெரியும்.

முதலில் கொஞ்சம் வரலாறு. 1639-ல் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் நிர்வாக சபை, பாஸ்டனில் ரிச்சர்ட் ஃபேர்பேங்க்ஸ் என்பவரின் இடத்தைக் கடல் கடந்து வரும், போகும் கடிதங்களுக்கான இடமாக அறிவித்தது. அது தபால் நிலையம் அல்ல, அவர் நடத்திய மதுவிடுதி! 1673-ல் நியூயார்க்கிலிருந்து பாஸ்டனுக்குக் குதிரையில் முதல் தபால்காரர் கிளம்பினார். 1737-ல் பிலடெல்பியாவின் தபால் தலைவராக ஆன பிராங்க்ளின், 1753-ல் குடியேற்றங்கள் முழுவதற்குமான தபால் துறைத் தலைவர்கள் இருவரில் ஒருவரானார். 1774-ல் பிரிட்டிஷ் அரசு அவரை வேலையிலிருந்து நீக்கியது. மாசசூசெட்ஸ் ஆளுநர் ஹட்சின்சன் எழுதிய அந்தரங்கக் கடிதங்களை அவர் வெளியே அனுப்பிவிட்டார் என்பதுதான் விவகாரம். பிறர் கடிதத்தால் வேலை போன தபால் துறைத் தலைவர் என்று அவரைச் சொல்லலாம். ஆனால் 1775 ஜூலை 26-ல் புரட்சியாளர்களின் காங்கிரஸ் அதே பிராங்க்ளினைத் தன் தபால் துறைக்குத் தலைவராக்கியது.

இனி கட்டணத்துக்கு வருவோம். சேகரிப்பவர்கள் மயங்குவது இங்கேதான். 1792-ம் ஆண்டுச் சட்டப்படி ஒரு தாள் கடிதம் 30 மைலுக்குள் போனால் 6 சென்ட். தூரம் கூடக் கூடக் கட்டணமும் ஏறும். 450 மைலைத் தாண்டினால் 25 சென்ட். இரண்டு தாள் வைத்தால் இரட்டிப்பு, மூன்று தாள் வைத்தால் மும்மடங்கு. அதனால்தான் அந்தக் காலத்துக் கடிதங்கள் பலவற்றில் ஓரம் வரை எழுத்து நெருக்கியடிக்கும். சிலர் ஒரு பக்கத்தை எழுதி முடித்ததும் தாளைத் திருப்பி, அதே வரிகளின் மேல் குறுக்காக இன்னொரு பக்கம் எழுதுவார்கள். படிக்கிறவர் கண் என்ன ஆகும் என்ற கவலை கிடையாது!

இந்தக் காசைப் பெரும்பாலும் அனுப்புகிறவர் கட்டுவதில்லை, பெறுகிறவர்தான் கட்ட வேண்டும். தபால் நிலையத்தில் கடிதத்தின் மூலையில் தொகையை எழுதிவிடுவார்கள், அல்லது முத்திரையாகக் குத்திவிடுவார்கள். முன்பே கட்டியிருந்தால் அதையும் குறித்துவிடுவார்கள். 12½ என்றும் 18¾ என்றும் விசித்திரமான எண்களைக் காணலாம். அரை சென்ட்டும் முக்கால் சென்ட்டும் எங்கிருந்து வந்தன? அமெரிக்காவில் அப்போது ஸ்பானிய வெள்ளிக் காசுகள் தாராளமாகப் புழங்கின. ஒரு ரியால் என்பது டாலரில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 12½ சென்ட். ஒன்றரை ரியால் 18¾ சென்ட். கட்டணமே கையிலிருந்த காசுக்கேற்ப அமைந்திருந்தது. 1857-ல்தான் அந்த ஸ்பானியக் காசுகள் சட்டப்படி செல்லாமல் போயின.

செய்தித்தாளுக்கு மட்டும் இந்தக் கொடுமை இல்லை. அதே 1792 சட்டத்தில் செய்தித்தாளுக்கு நூறு மைல் வரை ஒரு சென்ட், அதற்கு மேல் ஒன்றரை சென்ட்தான். மக்கள் சும்மா இருப்பார்களா? பழைய செய்தித்தாளை எடுத்து, அச்செழுத்துகளில் வேண்டியவற்றின் மேல் புள்ளி வைத்தோ, ஊசியால் குத்தியோ சேதியை எழுத்துக் கூட்டி அனுப்பினார்கள். இப்படிப்பட்ட தாள் கையில் கிடைத்தாலும், உற்றுப் பார்க்காதவர் அதைப் பழைய பேப்பர் என்றுதான் நினைப்பார்.

கடல் வழியாக வந்தவை தனி ரகம். கப்பல் தலைவர் துறைமுகத் தபால் நிலையத்தில் கடிதங்களை ஒப்படைத்தால் அவருக்குக் கடிதத்துக்கு இரண்டு சென்ட். அந்தக் கடிதத்தில் கப்பல் என்ற முத்திரை விழும். நமக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 1816-ல் யாழ்ப்பாணத்துக்கு வந்து பள்ளிகள் தொடங்கிய அமெரிக்க மிஷன் பாதிரிமார்கள் பாஸ்டனிலிருந்த தங்கள் தலைமைச் சங்கத்துக்கு எழுதிய கடிதங்களும் மாதக்கணக்கில் கடலில் மிதந்து போய்ச் சேர்ந்தவைதான். அந்தச் சங்கத்தின் ஆவணங்கள் இன்று ஹார்வர்ட் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. எல்லாக் கடிதங்களுக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை.

அப்படியானால் எவை மிஞ்சின? இந்தப் பொழுதுபோக்கில் யோசிக்க வேண்டிய விஷயம் இதுதான். ஏலத்துக்கும் கடைக்கும் வரும் பழங்கடிதங்களில் வியாபாரக் கடிதங்கள் மிக அதிகம். வியாபாரி வந்த கடிதத்தை மடித்து, யாரிடமிருந்து, எந்தத் தேதி என்று முதுகில் குறித்து, கட்டாகக் கட்டிப் பரணில் போட்டுவிடுவார். கணக்குக்காகச் செய்த காரியம். அதனால் பருத்தி விலையும் கடன் பாக்கியும் பேசும் கடிதங்கள் நூற்றாண்டுகளைத் தாண்டி வந்துவிட்டன. அம்மாவுக்கும் மகளுக்கும் இடையே போனவை அந்த அளவுக்கு வரவில்லை. கேட்பாரில்லாத கடிதங்கள் வாஷிங்டனில் அதற்கென்றே இருந்த அலுவலகத்துக்குப் போய், பணம் காசு எதுவும் உள்ளே இல்லையென்றால் பெரும்பாலும் நெருப்புக்குப் போயின.

மிஞ்சிய கட்டுகளில் கசப்பான தாள்களும் இருக்கின்றன. தென் மாநில வியாபாரிகளின் கடிதங்களில் பருத்தி விலைக்குப் பக்கத்திலேயே மனிதர்களின் விலையும் இருக்கும். வர்ஜீனியாவின் ரிச்மண்டில் அடிமை வியாபாரிகள் ஆண்களுக்கு இவ்வளவு, பெண்களுக்கு இவ்வளவு, சிறுவர்களுக்கு உயரத்துக்கேற்ப இவ்வளவு என்று சந்தை நிலவரம் எழுதி வாடிக்கையாளர்களுக்குத் தபாலில் அனுப்பினார்கள். அந்தத் தபாலைச் சுமக்கும் வேலையைக் கறுப்பின மக்களுக்குக் கொடுக்கக்கூடாது என்று 1802-லேயே சட்டம் வந்துவிட்டது. வழியெங்கும் செய்தி பரவிக் கலகம் வருமோ என்ற பயம். அந்தத் தடை 1865 வரை நீடித்தது. வெறும் முத்திரையை மட்டும் பார்ப்பவருக்கு அது சுத்தமான ஒரு ரிச்மண்ட் முத்திரை, அவ்வளவுதான். பிரித்துப் படிப்பவருக்குத்தான் கையில் இருப்பது என்னவென்று தெரியும்.

1845-ல் கட்டணம் எளிதானது. அரை அவுன்ஸ் எடைக்கு, 300 மைலுக்குள் 5 சென்ட், அதற்கு மேல் 10 சென்ட். தாள் எண்ணும் வழக்கம் ஒழிந்தது, உறையும் மெல்ல மெல்லப் பரவியது. அரசு தபால்தலை வெளியிடும் முன்பே சில ஊர்த் தபால் தலைவர்கள் தாங்களே தலை அச்சடித்து விற்றார்கள். 1851-ல் முன்கூட்டியே கட்டினால் மூன்று சென்ட் என்று ஆனது. 1855-ல் முன்கட்டணம் கட்டாயம், மறு ஆண்டு தபால்தலையும் கட்டாயம். பின்னால் வந்த தலை சேகரிப்பாளர்கள் தலையை மட்டும் வெட்டி எடுத்து உறையைக் குப்பையில் போட்டார்கள். எத்தனை முத்திரைகளும் முகவரிகளும் அப்படி அழிந்தன என்பதற்குக் கணக்கே கிடையாது. முழு உறைக்கு மதிப்பு உண்டு என்பது பிறகுதான் உறைத்தது. உறைக்கு விலை ஏறியபோது, உள்ளேயிருந்த கடிதத்தைப் பிரித்துத் தனியாக விற்பதும் நடந்தது!

இதையெல்லாம் தப்பிப் பிழைத்த ஒரு கடிதம் உண்டு. அலெக்சாண்ட்ரியா ஊர்த் தபால் தலைவர் அச்சடித்த வட்டத் தலைகளில், நீலத் தாளில் அச்சானது ஒன்றே ஒன்றுதான் இன்று இருக்கிறது. அது ஒட்டப்பட்ட கடிதம் 1847 நவம்பரில் ஜேம்ஸ் ஹூஃப் என்ற இளைஞர் ரிச்மண்டிலிருந்த ஜானெட் பிரவுனுக்கு எழுதியது. இருவரும் உறவினர்கள், காதலர்கள். கிறிஸ்தவத்திலேயே வேறு வேறு சபையைச் சேர்ந்தவர்கள் என்பதால் குடும்பத்தில் எதிர்ப்பு. கடிதத்தில் ஜேம்ஸ் வழக்கம்போல் எரித்துவிடு என்று எழுதியிருக்கிறார். வழக்கம்போல் என்றால் அதற்கு முன் எத்தனை எரிந்தனவோ! இதை மட்டும் ஜானெட் எரிக்கவில்லை. 1853-ல் அவர்களுக்குத் திருமணம் நடந்தது. 1907-ல் அவர்களுடைய மகள் அம்மாவின் தையல் பெட்டியில் இதைக் கண்டெடுத்தார். 1981-ல் பத்து லட்சம் டாலருக்கும், 2019-ல் சுமார் பதினொன்றே முக்கால் லட்சம் டாலருக்கும் இது கைமாறியது. இரண்டு முறையும் விலை போனது அந்த நீலத் தலைக்காகத்தான், உள்ளே இருந்த வரிகளுக்காக அல்ல.