வெடிச்ச கட்டையெல்லாம் விறகா?

எங்க மறைமலை நகர் துணைநகரமா திட்டம் போட்டுக் கட்டின ஊர். எங்க பார்த்தாலும் கான்கிரீட், டைல்ஸ்தான். மரம் சுமக்கிற தளத்தைப் பார்க்கணும்னா சேப்பாக்கத்துக்குத்தான் ரயிலேறணும் மக்களே.

ஆற்காடு நவாப் முகம்மது அலி வாலாஜாவுக்காக 1768-ல் எழும்பிய சேப்பாக்கம் அரண்மனையின் ஒரு பகுதி கலஸ் மஹால். பழைய சென்னைக் கட்டடங்கள் பலதுலயும் இருக்கிற மெட்ராஸ் டெரஸ் அமைப்பு ரொம்ப எளிமையானது. சுவருக்குச் சுவர் தேக்கு உத்தரம், அதுக்கு மேல குறுக்கே சட்டங்கள், அதுக்கும் மேல சன்னச் செங்கலைக் குத்தி நிறுத்திச் சுண்ணாம்புக் காரை. மாடியில நடக்கிறவங்களுக்கு மரமே தெரியாது. கீழே நின்னு அண்ணாந்து பார்த்தாத்தான் தெரியும், கூடவே வெடிப்பும்!

ஆனா எல்லா வெடிப்பும் ஆபத்தில்லை. பச்சைத் தேக்கு முழுசா காயும்போது வளையத்தை ஒட்டின திசையில சுமார் 5.8 சதவீதம் சுருங்கும். நடுவிலிருந்து பட்டை நோக்கிப் போற திசையில சுமார் 2.5 சதவீதம்தான். இந்த இழுபறியில நீளவாக்கில் கட்டை பிளக்குது. 19-ஆம் நூற்றாண்டில் சென்னைக்கும் செட்டிநாட்டுக்கும் வந்த பர்மா தேக்குல இந்தத் தொல்லை குறைவு. பச்சைத் தேக்கு தண்ணியில மிதக்காதுங்கறதால, அடிமரத்தைச் சுத்தி வளையமா வெட்டி, சில வருஷம் நின்னபடியே காயவிட்டுத்தான் சாய்ச்சு ஐராவதி ஆத்துல விட்டாங்க. மிதக்கறதுக்காகச் செஞ்ச வேலை, நம்ம வீட்டு உத்தரத்துக்கு லாபமாப் போச்சு :-)

சரி, எந்த வெடிப்புக்குப் பயப்படணும்? ரேகையோட நீளவாக்கில் ஓடி, உள்ளே கருத்துப் போயிருந்தா அது பெரும்பாலும் பழைய வெடிப்பு. பென்சிலால் ரெண்டு முனையிலும் கோடு போட்டு, தேதி எழுதி, ஒரு வெயில், ஒரு மழை பார்த்தா போதும். ரேகையைக் குறுக்கே வெட்டின வெடிப்பு, உள்ளே வெளிர் நிறம், நடுவில் தொய்வு - இப்படி இருந்தா உடனே முட்டுக் கொடுக்கணும். சுவருக்குள்ள புதைஞ்ச முனையை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்க. பொதபொதன்னு இறங்கினா உளுத்துப் போச்சு.

பல வீட்டில் அந்த முனையைக் கெடுக்கிறது வயசில்லை, சிமெண்ட். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும். அது மேல சிமெண்ட் பூசினா ஈரம் உள்ளேயே தங்கி மரத்தில் இறங்கும். மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல நீடிச்சா பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

மே மாசத்தில் விரிஞ்ச வெடிப்பை இறுகிப் போற பட்டி வச்சு அடைக்கிறதும் தப்பு. மழையில் மரம் ஊதும்போது பட்டி ஆப்பு மாதிரி வேலை செஞ்சு புதுசா பிளக்கும். மெல்லிய தேக்குக் கீற்றை ரேகைவாக்கில் இறக்கி, ஒரு பக்கம் மட்டும் ஒட்டினா மரம் அசைய இடமிருக்கும். உளுத்த முனையை மட்டும் வெட்டிப் புதுக்கட்டை இணைக்கலாம், பக்கத்திலேயே இன்னொரு சட்டம் வச்சு போல்ட் போடலாம்.

கலஸ் மஹால் 2012 ஜனவரியில் தீப்பிடிச்சுக் கூரை சரிஞ்சது. பொதுப்பணித்துறை சுண்ணாம்பும் தேக்கும் கொண்டே அதை மீட்டெடுத்தது. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே குடியேறியது. எரிஞ்சதையே மீட்க முடிஞ்சிருக்கு.

நாமளோ "உத்தரம் வெடிச்சிருச்சு"ன்னு வீட்டையே இடிக்கிறோம். அதே உத்தரம் பழைய மரக்கடைக்குப் போய், "அசல் பர்மா தேக்கு, வைரம் பாய்ஞ்ச கட்டை"ன்னு நல்ல விலைக்கு வித்துப் போகுது. வாங்குறவர் அதில் சாப்பாட்டு மேஜை செஞ்சுக்கறார். கட்டை நல்லாத்தான் இருந்திருக்கு!

உங்க ஊர்ல கட்டைகுத்து வீடு மிச்சமிருந்தா பின்னூட்டத்தில் சொல்லுங்க.