காசநோயும் சேத்துப்பட்டு தந்த பாடமும்



காசநோய் வந்தவரை சானடோரியத்துக்கு அனுப்புவதே ஒரு காலத்து வைத்தியம். நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு. ஏழைகளில் பலருக்குப் படுக்கையே கிடைக்காது.

1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். நோயாளிகளைக் குலுக்கல்போல இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு சானடோரியத்தில், மறு பிரிவு சொந்த வீட்டில். ஓராண்டு ஒரே மருந்து. 1959இல் முடிவு வெளிவந்தது. நெருக்கடியான வீட்டில், குறைவான சாப்பாட்டோடு இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. பல நாடுகள் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடும் முறைக்கு மாறின.

அப்படியென்றால் சாப்பாடு முக்கியமில்லையா? 2023இல் பதில் வந்தது. ஜார்க்கண்டில் நடந்த ஆய்வு அது. அதே சேத்துப்பட்டு நிறுவனத்துக்கும் பங்குண்டு. நோயாளியின் வீட்டில் பெரியவர்களுக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு, சத்து மாத்திரை கொடுத்தார்கள். அவ்வீடுகளில் மற்றவர்களுக்கு நோய் வருவது சுமார் 40 சதவீதம் குறைந்தது.

"அந்த வீட்டுப் பிள்ளையைத் தள்ளி உட்கார வையுங்கள் சார்" என்று என்னிடம் வந்து கேட்ட பெற்றோர் உண்டு. பிள்ளையைத் தள்ளாதீர்கள். மருந்தை நடுவில் நிறுத்த விடாதீர்கள். அந்த வீட்டில் அரிசி இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.