ஃபைல் எதுவும் திறக்கலையா? வீட்டு கம்ப்யூட்டரில் ரேன்சம்வேர் வந்தால் ஃபார்மேட் செய்வதற்கு முன் இதைப் படிங்க!

கம்ப்யூட்டரை ஆன் செய்கிறீர்கள். குழந்தையின் பிறந்தநாள் ஃபோட்டோ திறக்கவில்லை. கல்யாண வீடியோவும் அப்படியே. எல்லா ஃபைல் பெயருக்குப் பின்னாலும் அர்த்தமே இல்லாத நான்கு எழுத்து ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஃபோல்டருக்கு ஃபோல்டர் 'ரீட்மீ' என்று ஒரு டெக்ஸ்ட் ஃபைல். அதைத் திறந்தால், ஃபைல்கள் பூட்டப்பட்டுவிட்டன, பணம் கட்டினால் சாவி கிடைக்கும் என்று ஆங்கிலத்தில் மிரட்டல்.

பதற்றத்தில் நம்மில் பலர் செய்வது, சிபியுவைத் தூக்கிக்கொண்டு தெரிந்த சர்வீஸ் கடைக்கு ஓடுவதுதான். "வைரஸ் சார், ஃபார்மேட் பண்ணி புது ஓஎஸ் போட்டுத் தர்றேன்" என்பார்கள். கம்ப்யூட்டர் நன்றாக ஓடும். ஆனால் ஃபைல்கள் திரும்பக் கிடைக்க இருந்த கொஞ்சநஞ்ச வாய்ப்பும் அந்த ஃபார்மேட்டோடு போய்விடும்.

ரேன்சம்வேர் என்ன செய்கிறது?

ரேன்சம் என்றால் பிணைத்தொகை. ஆளைக் கடத்துவதற்குப் பதிலாக உங்கள் ஃபைல்களைக் கடத்தி வைத்துக்கொண்டு காசு கேட்கும் புரோகிராம்தான் ரேன்சம்வேர். இது ஃபைல்களை அழிப்பதில்லை, பூட்டுகிறது. ஃபைல் உங்கள் ஹார்ட் டிஸ்க்கிலேயே இருக்கிறது, சாவிதான் வேறு ஒருவரிடம் இருக்கிறது. இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம்.

ரேன்சம்வேர் என்றதும் பலருக்கும் 2017 மே மாதம் உலகத்தையே உலுக்கிய 'வான்னாக்ரை' ஞாபகம் வரும். அப்போது பிரிட்டன் அரசு மருத்துவமனைகளே ஸ்தம்பித்தன. ஆனால் வீட்டு கம்ப்யூட்டர்களை அதிகம் பதம் பார்த்தது, அந்த அளவுக்குப் பேசப்படாத இன்னொன்று. அதன் பெயர் 'ஸ்டாப் டிஜேவியு'.

கிராக் சாஃப்ட்வேரில் ஒளிந்து வரும் வில்லன்

2018-ல் இருந்து நூற்றுக்கணக்கான வேஷங்களில் சுற்றிய இந்த ரேன்சம்வேர் பெரும்பாலும் நாமே டவுன்லோடு செய்வதன் மூலம்தான் உள்ளே வருகிறது. ஃபோட்டோஷாப் கிராக், விண்டோஸ் ஆக்டிவேட்டர், கேம் சீட்... இப்படி 'இலவசமாக' கிடைப்பவற்றோடு சேர்ந்து வரும். "ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்" என்று அந்தப் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். நாமும் ஆஃப் செய்வோம். திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்டு டார்ச் லைட்டும் அடித்த கதைதான்.

சில வகைகள் பூட்டு போடும் நேரத்தில் திரையில் போலியாக விண்டோஸ் அப்டேட் ஓடுவது போலக் காட்டும். அப்டேட்தானே என்று நீங்கள் டீ குடிக்கப் போய்விடுவீர்கள். இன்னொரு விஷயம், நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்றும் இது பார்க்கும். ரஷ்யா, பெலாரஸ் போன்ற நாடுகள் என்றால் ஒன்றும் செய்யாமல் ஒதுங்கிவிடும். இந்தியாவுக்கு அந்தச் சலுகை கிடையாது!

முதலில் என்ன செய்யணும்?

நெட்டைத் துண்டிக்கவும். வைஃபையை ஆஃப் செய்யுங்கள், கேபிள் இருந்தால் பிடுங்கிவிடுங்கள். மாட்டியிருக்கும் பென்டிரைவ், எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றுங்கள். கண் முன்னாலேயே ஃபைல் பெயர்கள் மாறிக்கொண்டிருந்தால் யோசிக்காமல் பவரை ஆஃப் செய்துவிடுங்கள்.

பேக்கப் வைத்திருக்கும் டிஸ்க்கை "இதில் இருக்கா பார்ப்போம்" என்று அவசரப்பட்டு மாட்டாதீர்கள். இது ஒரு முறை பூட்டிவிட்டு ஓய்வதில்லை. விண்டோஸில் தனக்கென ஒரு வேலையை ஷெட்யூல் செய்து வைத்து, திரும்பத் திரும்ப ஓடும். புதிதாக மாட்டும் டிஸ்க்கும் காலி.

மிரட்டல் செய்தியை செல்போனில் ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் 'பர்சனல் ஐடி' என்று ஒரு நீளமான எழுத்து வரிசை இருக்கும். அது முழுசாகத் தெரிய வேண்டும். அதன்பிறகு, விண்டோஸோடு வரும் டிஃபெண்டரில் 'ஆஃப்லைன் ஸ்கேன்' ஓட்டி ரேன்சம்வேரை நீக்குங்கள். நீக்கிவிட்டால் பூட்டு திறந்துவிடாது. மேற்கொண்டு பூட்டுவது நிற்கும், அவ்வளவுதான்.

பிறகு பூட்டிய ஃபைல்கள், அந்த 'ரீட்மீ', சி டிரைவில் இருக்கும் 'சிஸ்டம்ஐடி' ஃபோல்டர் மூன்றையும் காலியான ஒரு டிஸ்க்கில் காப்பி எடுங்கள். இதை முடித்த பிறகு தாராளமாக ஃபார்மேட் செய்யலாம், செய்வதுதான் நல்லதும்கூட. சர்வீஸ் கடைக்குக் கொடுப்பதாக இருந்தால், "முதலில் காப்பி, அப்புறம்தான் ஃபார்மேட்" என்று அழுத்திச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் ஐடியின் கடைசி இரண்டு எழுத்து என்ன?

ஸ்டாப் டிஜேவியு உள்ளே வந்ததும் தன் முதலாளியின் சர்வரைத் தொடர்புகொண்டு உங்களுக்கென்றே தனிச் சாவி ஒன்றைக் கேட்கும். கிடைத்தால் அது 'ஆன்லைன் சாவி'. சர்வர் கிடைக்காவிட்டால், கையோடு கொண்டுவந்த பொதுச் சாவியால் பூட்டும். இது 'ஆஃப்லைன் சாவி'. அந்த வகையில் ஆஃப்லைனில் மாட்டிய எல்லோருக்கும் ஒரே சாவிதான்.

பர்சனல் ஐடி, சின்ன எழுத்து டி (டைகருக்கு வரும் டி), பக்கத்தில் எண் 1 என்று முடிந்தால் அது ஆஃப்லைன் சாவி. நம்பிக்கை இருக்கிறது. எம்சிசாஃப்ட் நிறுவனம் 2019 அக்டோபரில் வெளியிட்ட இலவச டிகிரிப்டரில் சில வகைகளின் பொதுச் சாவிகள் சேர்க்கப்பட்டிருக்கின்றன. உங்களுடையது இன்று இல்லாவிட்டாலும் பின்னால் சேர்க்கப்படலாம். காப்பி எடுத்து வைக்கச் சொன்னது இதற்குத்தான்.

2019 ஆகஸ்டுக்கு முன் வந்த பழைய வகைகளுக்கு இன்னொரு வழியும் உண்டு. ஒரே ஃபைலின் பூட்டாத பிரதி, பூட்டிய பிரதி இரண்டும் கொடுத்தால் டிகிரிப்டர் சாவியைக் கணக்கிடும். வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்களுக்கு அனுப்பிய ஃபோட்டோ இதற்கு உதவாது, அது சுருக்கப்பட்டிருக்கும். மெயிலில் அப்படியே அனுப்பிய ஒரிஜினல் வேண்டும்.

புதிய வகை, அதிலும் ஆன்லைன் சாவி என்றால்? இப்போதைக்கு டிகிரிப்டரால் திறக்க முடியாது. இதை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. ஆனாலும் ஒரு சின்ன ஓட்டை உண்டு. இது அவசரக்காரத் திருடன். ஒவ்வொரு ஃபைலிலும் முதல் 150 கேபி அளவை மட்டுமே பூட்டும். அதனால் பெரிய வீடியோ, ஆடியோ ஃபைல்களைச் சில ரிப்பேர் டூல்கள் மூலம் ஓரளவு மீட்கலாம். பெரிய ஜிப் ஃபைலின் ஒரு காப்பியில் ஒட்டியிருக்கும் எழுத்துகளை நீக்கிவிட்டு செவன்-ஜிப்பில் திறந்தால், உள்ளே இருப்பதில் பெரும்பகுதி கிடைப்பதும் உண்டு. கல்யாண ஆல்பம் என்றால் ஸ்டுடியோக்காரருக்கு ஒரு ஃபோன் போட்டுப் பாருங்கள், அவர் டிஸ்க்கில் இன்னும் இருக்கலாம்.

உங்களைத் தாக்கியது வேறு ரேன்சம்வேராகவும் இருக்கலாம். யூரோபோல், நெதர்லாந்து போலீஸ் ஆகியவை பாதுகாப்பு நிறுவனங்களோடு சேர்ந்து 2016-ல் தொடங்கிய 'நோ மோர் ரேன்சம்' தளத்தில் பூட்டிய ஃபைலையும் மிரட்டல் செய்தியையும் ஏற்றினால், எந்த வகை என்று சொல்லும். இலவச டிகிரிப்டர் இருந்தால் அதையும் காட்டும். கூகுளில் தேடிக் கிடைத்ததை எல்லாம் ஓட்ட வேண்டாம். 2020-ல் 'ஸோராப்' என்ற ரேன்சம்வேர், ஸ்டாப் டிஜேவியு டிகிரிப்டர் வேஷத்திலேயே வந்து, பூட்டிய ஃபைல்களை இரண்டாவது முறை பூட்டியது!

பணம் கட்டலாமா?

பல வருடங்களாக இவர்கள் கேட்ட தொகை 980 டாலர். 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் பாதி விலை, 490 டாலர். நம் காசுக்கு 40 ஆயிரம் ரூபாய்க்கு மேல். ஆடித் தள்ளுபடி மாதிரி கெடு வைப்பது உங்களை யோசிக்க விடாமல் செய்யத்தான். கட்டினால் சாவி வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. கட்ட வேண்டாம் என்பதுதான் எல்லா நாட்டு போலீஸும் சொல்வது. (எம்சிசாஃப்டுக்குக் கிடைத்த ஆஃப்லைன் சாவிகள், பணம் கட்டி சாவி வாங்கியவர்கள் மற்றவர்களுக்காகக் கொடுத்தவை என்பது தனிக்கதை.)

"எந்த ரேன்சம்வேரையும் திறந்து தருவோம்" என்று விளம்பரம் செய்பவர்களிடமும் ஜாக்கிரதை. இப்படிச் சொன்ன சில நிறுவனங்கள் திருடர்களுக்கே ரகசியமாகப் பணம் கட்டி சாவி வாங்கியதை அமெரிக்காவின் புரோபப்ளிகா செய்தி நிறுவனம் 2019-ல் அம்பலப்படுத்தியது.

ஃபைல் மட்டும்தான் போச்சா?

பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். ஸ்டாப் டிஜேவியு பெரும்பாலும் தனியாக வருவதில்லை. பாஸ்வேர்டு திருடும் 'விடார்', 'ரெட்லைன்' போன்றவற்றையும் கூட்டிக்கொண்டு வரும். பிரவுசரில் சேமித்து வைத்த ஜிமெயில், ஃபேஸ்புக், நெட் பேங்கிங் பாஸ்வேர்டுகள் ஏற்கெனவே கைமாறியிருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எனவே அன்றைக்கே, அந்த கம்ப்யூட்டரில் அல்ல, உங்கள் செல்போனில் இருந்து எல்லா பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். முதலில் மெயில், அடுத்து வங்கி. 'எல்லா டிவைஸிலும் லாக் அவுட்' என்ற ஆப்ஷனையும் அழுத்துங்கள்.

வங்கிக் கணக்கில் பணம் போயிருந்தால் உடனே 1930 எண்ணுக்கு அழையுங்கள். ரேன்சம்வேர் தாக்குதலை மத்திய அரசின் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதிவு செய்யலாம். நீங்கள் எடுத்த ஃபோட்டோவும் ஐடியும் அங்கேயும் தேவைப்படும்.

புது ஓஎஸ் போட்ட கையோடு, விண்டோஸ் செக்யூரிட்டியில் 'ரேன்சம்வேர் புரொடெக்ஷன்' என்ற பகுதிக்குள் போய் 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' என்பதை ஆன் செய்யுங்கள். சாதாரணமாக அது ஆஃபில்தான் இருக்கும். ஃபோட்டோக்களை ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் காப்பி எடுத்து, கழற்றி பீரோவில் வைத்துவிடுங்கள். எப்போதும் மாட்டியே இருக்கும் டிஸ்க், ரேன்சம்வேர் வந்தால் சேர்ந்தே பூட்டப்படும்.